கணக்கு சரி, செட்டிங் எங்கே?

உங்கள் வீட்டு மெடிக்கல் ஃபைலில் ஒரு ஈசிஜி தாள் கட்டாயம் இருக்கும். நம் வயதில் அது இல்லாத வீடு ஏது? அதை எடுத்து, ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள். 25 மி.மீ./வினாடி என்றும், 10 மி.மீ./மில்லிவோல்ட் என்றும் இருக்கும். முதலாவது, தாள் எந்த வேகத்தில் ஓடியது என்பது. இரண்டாவது, இதயத்தின் மின்துடிப்பை எவ்வளவு பெரிதாக்கி வரைந்தார்கள் என்பது.

அந்தப் பொடி எழுத்துக்கு என்ன மதிப்பு என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 20 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் 25 வேகத்தில் ஓடியிருந்தால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம். தாள் 50 வேகத்தில் ஓடியிருந்தால் அதே இடைவெளிக்கு நிமிடத்துக்கு 150 துடிப்பு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாளில் இருக்கும் கோடு ஒன்றேதான். அதை எப்படி ஓட்டினார்கள் என்ற குறிப்புதான் ஆளை வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புகிறது.

ஈசிஜி மெஷின் செய்தவர்களுக்கு இருக்கும் இந்த ஒழுக்கம், ஆராய்ச்சிக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் போடுகிறவர்களில் பலருக்கு இல்லை என்பதுதான் என் குறை. எந்த சாஃப்ட்வேர், அதில் எந்த வெர்ஷன், என்னென்ன செட்டிங் வைத்து ஓட்டப்பட்டது என்று எழுதி வைக்காத ஓர் ஆராய்ச்சி முடிவை, முடிவு என்றே ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

நான் முப்பத்தோரு வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவியோடு குடித்தனம் நடத்தியவன். எலும்பு முறிவு பார்க்கும் எக்ஸ்ரே வேறு, இது வேறு. ஒரு பொடியின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால், பொடியில் உள்ள படிகங்கள் அந்தக் கதிரைச் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பலமாகத் திருப்பி அனுப்பும். அதை வரைபடமாகப் போட்டால், வயல்வெளி நடுவே கோபுரங்கள் நிற்பதுபோல் சிகரங்கள் தெரியும். சிகரம் ஒல்லியாக இருந்தால் படிகம் பெரிது. சிகரம் பருமனாக இருந்தால் படிகம் சிறிது. இந்தப் பருமனை வைத்துப் படிகத்தின் அளவைக் கணக்கிட ஷெரர் என்ற விஞ்ஞானி 1918ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். நானோ பொருள்களில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கருவியே தன் பங்குக்குச் சிகரத்தைக் கொஞ்சம் பருமனாக்கிவிடும். அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். எப்படிக் கழிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிகரத்தின் மொத்தப் பருமன் 0.50 டிகிரி, அதில் கருவியால் வந்தது 0.20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சிகரத்தின் வடிவம் லொரென்ட்ஸியன் வகை என்று எடுத்துக்கொண்டால் நேராகக் கழிக்கலாம். மீதி 0.30. காஸியன் வகை என்று எடுத்துக்கொண்டால் இரண்டையும் வர்க்கமாக்கி, கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மீதி 0.458.

வழக்கமாகப் பயன்படும் தாமிர எக்ஸ்ரேயில், 36 டிகிரியில் நிற்கும் ஒரு சிகரத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். முதல் வழியில் படிகத்தின் அளவு 27.8 நானோமீட்டர். இரண்டாம் வழியில் 18.2 நானோமீட்டர். கருவியின் பங்கைக் கழிக்கவே இல்லையென்றால் 16.7 நானோமீட்டர். பொடி ஒன்று, சிகரம் ஒன்று, சூத்திரம் ஒன்று, விடை மூன்று. சூத்திரத்தில் வரும் ஒரு மாறிலியைச் சிலர் 0.89 என்று போடுவார்கள், சிலர் 0.94 என்று போடுவார்கள். அதில் ஓர் ஐந்தாறு சதவீதம் தனியாக ஆடும்.

இந்தத் தேர்வை எல்லாம் இன்றைக்கு யார் செய்கிறார்கள்? சாஃப்ட்வேருக்குள் ஒரு சின்னக் கட்டத்தில் 'டிக்' இருக்கிறதா இல்லையா என்பது செய்கிறது. சாஃப்ட்வேரை நிறுவும்போதே யாரோ வைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. டீஃபால்ட் என்பார்கள். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காக அது தேர்ந்தெடுத்திருக்கும்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் பெண் இந்தத் துறையில்தான் பிஎச்.டி. செய்கிறாள். சென்ற வருஷம் ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். முகம் வாடியிருந்தது. ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாளாம். இன்னும் இரண்டு சாம்பிள் சேர்த்து அட்டவணையைத் திருப்பிப் போடச் சொல்லி நடுவர் எழுதியிருந்தார். புதிய சாம்பிள்களோடு பழையவற்றையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அங்கிள், அதே ஃபைல், அதே சாஃப்ட்வேர். ஆனா நம்பர் மட்டும் வேற வேற வருது. நான் போன வருஷம் பொய் எழுதிட்டேன்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"நோட்டை எடும்மா, பார்ப்போம்" என்றேன்.

நோட்டு தங்கமாக இருந்தது. எந்த ரசாயனம் எத்தனை மில்லிகிராம், உலையில் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், அன்றைக்குக் கரன்ட் போய் வந்தது எத்தனை மணிக்கு என்பது வரை எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் பகுதிக்கு வந்தால் ஒரே ஒரு வரி: "சாஃப்ட்வேர் மூலம் படிக அளவு கணக்கிடப்பட்டது." அவ்வளவுதான். சமையல் குறிப்பில் காய் நறுக்குவதை ஒரு பக்கம் எழுதிவிட்டு, "பிறகு அடுப்பில் வைத்து இறக்கவும்" என்று முடித்த மாதிரி.

விசாரித்தால், நடுவில் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரை மாற்றியிருக்கிறார்கள். சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனாகப் போட்டிருக்கிறார்கள். சிகரத்தின் வடிவத்துக்கான டீஃபால்ட் பழையதில் என்னவாக இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஏலத்துக்குப் போய்விட்டது. ஆறு வாரம் உட்கார்ந்து, எல்லா சாம்பிளையும் ஆரம்பத்திலிருந்து, இம்முறை ஒவ்வொரு செட்டிங்கையும் எழுதி வைத்துக்கொண்டு, திரும்ப ஓட்டினாள். உலையின் சூடு ஏற ஏறப் படிகம் பெரிதாகிறது என்ற அவளுடைய மூல முடிவு நிலைத்தது, நல்ல வேளை. ஆனால் அட்டவணையில் இருந்த ஒவ்வொரு எண்ணும் மாறியது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ரசாயனத்தை எடை போட்டால் எழுத வேண்டும் என்று அவளுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மவுஸைச் சொடுக்கினால் எழுத வேண்டும் என்று யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் தவறாது, அது சொல்வது ஒரே விடையாகத்தான் இருக்கும் என்று வழிகாட்டிகளே நினைக்கிறார்கள்.

எங்கள் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. நாங்கள் ஒழுக்கசீலர்கள் என்பதால் இல்லை, வேறு வழி இல்லாததால். பஞ்ச் கார்டு காலத்தில் கணக்கு ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு முறையும் புரோகிராம், எண்கள், கட்டளைகள் எல்லாவற்றையும் ஒரே கார்டுக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் வரும் மடிப்புத் தாளில் முதலில் புரோகிராம் முழுவதும் அச்சாகியிருக்கும், அதன் பின்னால்தான் விடை. தாளைப் பத்திரப்படுத்தினாலே போதும், எப்படி ஓட்டினோம் என்பது அதிலேயே இருக்கும். பிறகு மெனு வந்தது, மவுஸ் வந்தது. இங்கே ஒரு சொடுக்கு, அங்கே ஒரு சொடுக்கு, அழகான வண்ணப் படம் திரையில் வந்து நிற்கும். எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தோம் என்பதற்குச் சுவடே இருக்காது. வசதி வந்தது, தடயம் போனது.

அளவோடு அளந்த நிலையையும் எழுத வேண்டும் என்பது புதிய ஞானமும் இல்லை. நம்ம பரங்கிமலைக்குப் பக்கத்தில் 1802ல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர், பின்னால் இந்தியா முழுவதையும் அளந்த பெரிய சர்வேக்கு அடிக்கோடு போட்டார். சுமார் ஏழரை மைல் நீளம். கையில் நூறடி இரும்புச் சங்கிலி. ஏப்ரல், மே வெயில். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி வைத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டையும் குறித்துக்கொண்டே அளந்தார். பத்து டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் நூறடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் போல நீளும். அற்பம்தானே என்று தோன்றும். ஏழரை மைலுக்குச் சங்கிலியை 400 தடவை வைக்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் 1.4 மீட்டர். சூட்டை எழுதி வைத்ததால்தான் பிறகு திருத்திக் கணக்கிட முடிந்தது. இன்றைய கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் செட்டிங் என்பது அந்தத் தெர்மாமீட்டர் எண் போலத்தான்.

சின்ன வித்தியாசம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பேர்போன உதாரணம் எட்வர்ட் லோரன்ஸ். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வானிலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1961ல் ஒரு நாள், முன்பு ஓட்டிய ஒரு வானிலைக் கணக்கை மறுபடியும் பார்க்க விரும்பினார். ஆரம்பத்திலிருந்து ஓட்ட நேரமாகும் என்று, பழைய பிரின்ட் தாளில் நடுவில் இருந்த எண்களை எடுத்துத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், கணக்கில் வந்த வானிலைக்கும் பழைய வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் மெஷினில் ஏதோ பழுது என்றுதான் நினைத்தார். பிறகுதான் புரிந்தது. மெஷின் தன் உள்ளே 0.506127 என்று வைத்திருந்த எண்ணைத் தாளில் 0.506 என்று மூன்று தசம இடத்தோடு நிறுத்தி அச்சடித்திருந்தது. அந்தக் கடைசி மூன்று இலக்கத்தில் தொலைந்தது இரண்டு மாத வானிலை. கேயாஸ் என்று இன்று பெரிதாகப் பேசப்படும் துறைக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது.

லோரன்ஸுக்கு அதனால் நன்மைதான் கிடைத்தது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். முதல் ஓட்டத்தின் தாள் அவர் கையில் இருந்தது. ஒப்பிட முடிந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் இரண்டும் வேறு என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

இது பழைய மெஷின் கதை, இப்போதெல்லாம் அப்படி நடக்காது என்று நினைத்தால், 2012ல் ப்ளாஸ் ஒன் என்ற இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஃப்ரீசர்ஃபர் என்று ஒரு சாஃப்ட்வேர். மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு பகுதியின் கன அளவு என்ன, மேலடுக்கின் தடிமன் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும். மறதி நோய் ஆராய்ச்சியில் இந்த மாதிரி அளவுகளுக்குப் பெரிய இடம் உண்டு. அந்த ஆய்வுக்காரர்கள் அதே மூளைப் படங்களைச் சாஃப்ட்வேரின் வெவ்வேறு வெர்ஷன்களில் ஓட்டிப் பார்த்தார்கள். கன அளவுகள் சராசரியாக 8.8 சதவீதம் வேறுபட்டன. கம்ப்யூட்டரின் வகையை மாற்றினாலும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வெர்ஷனை மாற்றினாலும்கூட, அதைவிடக் குறைவாக என்றாலும், வித்தியாசம் வந்தது. ஒரு நோயாளியின் மூளை வருஷத்தில் எவ்வளவு சுருங்கியது என்று பார்க்கும்போது நடுவில் வெர்ஷன் மாறியிருந்தால், சுருங்கியது மூளையா, மாறியது சாஃப்ட்வேரா என்று எப்படிச் சொல்வது? ஓர் ஆய்வு முடியும்வரை வெர்ஷனையும் மெஷினையும் மாற்றாதீர்கள், கட்டுரையில் இரண்டையும் குறிப்பிடுங்கள் என்று அவர்கள் அறிவுரை சொன்னார்கள். நியாயமான அறிவுரை.

2019ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று வெளிப்பட்டது. வேதிப்பொருளின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு சின்ன புரோகிராமை உலகெங்கும் ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதே புரோகிராம், அதே ஃபைல்கள், ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்து விடை மாறியது. காரணம் என்ன தெரியுமா? ஒரு ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை எந்த வரிசையில் எடுத்துக் கொடுப்பது என்பது சிஸ்டத்துக்கு சிஸ்டம் வேறு. புரோகிராம் எழுதியவர்கள், வரிசை எப்போதும் ஒழுங்காகவே வரும் என்று நம்பிவிட்டார்கள். ரேஷன் கடையில் கார்டுகளை வாங்கிக் குலுக்கிப் போட்டுவிட்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் பழைய வரிசையில் படித்தால் என்ன ஆகும், அதுதான். எந்த சிஸ்டத்தில் ஓட்டினோம் என்று எழுதி வைத்தவர்கள் தங்கள் முடிவு தப்பியதா என்று உடனே பார்க்க முடியும். எழுதாதவர்கள் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. பல கணக்குகளில் கம்ப்யூட்டர் குலுக்கல் போடும். குடவோலை முறையில் குடத்துக்குள் கைவிடும் சிறுவன் எந்த ஓலையை எடுப்பான் என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரின் குலுக்கல் அப்படி இல்லை. ஓர் ஆரம்ப எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து கணக்குப் போட்டு, குலுக்கல் போலத் தோன்றும் எண்களை வரிசையாகக் கொடுக்கும். அந்த ஆரம்ப எண்ணுக்கு சீட், அதாவது விதை, என்று பெயர். அதே விதையைக் கொடுத்தால் அதே குலுக்கல் அப்படியே திரும்ப வரும். விதை எண்ணை எழுதி வைக்க ஒரு வரி போதும். எழுதாவிட்டால் அந்த ஓட்டத்தை அதை ஓட்டியவரே திரும்பப் பார்க்க முடியாது.

இதுவரை சொன்னவற்றில் போனது நேரமும் மானமும்தான். உயிரோடு விளையாடிய கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 2006ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. புற்றுநோய்க் கட்டியின் மரபணுக்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று அளந்து, இந்த நோயாளிக்கு இந்த மருந்துதான் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார்கள். மருத்துவ உலகமே கொண்டாடியது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் நிபுணர்கள் இருந்தார்கள். நம் நோயாளிகளுக்கும் இதைச் செய்யலாமா என்று அங்கிருந்த டாக்டர்கள் கேட்க, இவர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க முயன்றார்கள். வரவில்லை.

கட்டுரையில் எப்படி ஓட்டினார்கள் என்ற விவரம் போதுமான அளவு இல்லை. வெளியிடப்பட்டிருந்த எண்களை வைத்து, என்ன செய்திருந்தால் இந்த விடை வரும் என்று துப்பறிவாளர்கள் மாதிரி பின்னோக்கித் தேடினார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் அதற்கே போனது. கண்டுபிடித்தது என்ன? மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தது. அதனால் ஒரு மரபணுவின் பெயர் இன்னொன்றின் மேல் ஒட்டியிருந்தது. சில இடங்களில் மருந்து கேட்கும், கேட்காது என்ற இரண்டு சீட்டுகளே இடம் மாறியிருந்தன. அப்படியானால் எந்த மருந்து கேட்காதோ அதையே கொடுக்கச் சொல்லும். அந்த முறையை நம்பி டியூக்கில் அதற்குள் நோயாளிகளைச் சேர்த்துப் பரிசோதனையும் தொடங்கியிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். இவர்கள் 2009ல் விவரமாக எழுதிய பிறகும் அது நிறுத்தப்பட்டு, மறுபடி தொடங்கப்பட்டு, 2010ல்தான் முழுதாக மூடப்பட்டது. 2011ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவிலேயே பொய் கலந்திருந்தது என்று 2015ல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகமும் தீர்ப்புச் சொன்னது.

பொய் சொல்கிறவனை செட்டிங் எழுதி வைக்கச் சொன்னால் திருந்திவிடுவானா என்று நீங்கள் கேட்கலாம். திருந்த மாட்டான். ஆனால் சீக்கிரம் பிடிபடுவான். மூலத் தரவும், ஓட்டிய விதமும் கட்டுரையோடு கூடவே இருந்திருந்தால் ஆயிரம் மணி நேர வேலை சில நாளில் முடிந்திருக்கும். அந்த நோயாளிகளில் பலர் இந்தப் பரிசோதனையில் சேராமலே தப்பித்திருப்பார்கள். ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு எழுதி வைப்பதில் என்ன நஷ்டம்?

இதற்கு மறுப்பாக நான் வழக்கமாகக் கேட்பது மூன்று.

ஒன்று, நேரம் இல்லை என்பது. மாடிப் பெண்ணின் ஆறு வாரத்தைக் கணக்கில் சேர்த்தால் இந்த வாதம் நிற்காது. எழுத ஐந்து நிமிஷம், எழுதாததற்கு ஆறு வாரம்.

இரண்டாவது, நம் ரகசியத்தைப் போட்டியாளர் எடுத்துக்கொள்வார் என்பது. கம்பெனிக்காரர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். நம் வரிப்பணத்தில் ஃபெல்லோஷிப் வாங்கி, நம் வரிப்பணத்தில் வாங்கிய கருவியில் அளந்தவர் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

மூன்றாவதுதான் கொஞ்சம் யோசிக்க வைப்பது. செட்டிங்கை எழுதிவிட்டால் முடிவு சரியாகிவிடுமா என்று ஒரு பழைய சகா என்னோடு வாதாடினார். ஆகாதுதான். தப்பான வழியில் ஓட்டி, அதை ஒழுங்காக எழுதி வைத்தால், உலகம் முழுவதும் அதே தப்பான விடை வரும். ஆனால் எழுதி வைத்த தப்பை இன்னொருவர் பார்த்துத் திருத்தலாம். எழுதாத தப்பை யாரும் திருத்த முடியாது. எழுதாத சரியையும் யாரும் சரி என்று உறுதி சொல்ல முடியாது. திரும்ப ஓட்டிப் பார்க்க முடிவது உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது, ஆனால் அது இல்லாமல் விசாரணையையே தொடங்க முடியாது. அவரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

என்ன எழுத வேண்டும்? பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. ஓட்டிய தேதி, ஓட்டியவர் பெயர். சாஃப்ட்வேரின் பெயர், வெர்ஷன் எண். கம்ப்யூட்டர் எது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எது. எந்த ஃபைலைக் கொடுத்தார்கள், அந்த மூல ஃபைலைத் தொடாமல் எங்கே வைத்திருக்கிறார்கள். மாற்றிய செட்டிங் மட்டும் இல்லாமல், மாற்றாமல் விட்ட டீஃபால்ட்டும் சேர்த்து என்னென்ன இருந்தன. குலுக்கல் இருந்தால் விதை எண். ஒரு முழுப் பக்கம் வராது.

இதிலும் மனுஷன் கையால் எழுதுவதை மட்டும் நம்பக் கூடாது என்பது என் அனுபவம். களைத்துப்போன ராத்திரியில் யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் ஒன்றிரண்டு விட்டுப்போகும். ஈசிஜி தாளில் நர்ஸ் கையால் எழுதுவதில்லை, மெஷினே அச்சடிக்கிறது பாருங்கள், அதுபோல சாஃப்ட்வேரே தான் ஓடிய விதத்தை விடையோடு சேர்த்து எழுத வேண்டும். நல்ல சாஃப்ட்வேர்கள் பல இதைச் செய்கின்றன. லாக் ஃபைல் என்று ஒன்றை வைத்துவிடும். வருத்தம் என்னவென்றால், படத்தைக் காப்பி செய்து கட்டுரையில் ஒட்டிவிட்டு, அந்த லாக் ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். மெனுவில் சொடுக்குவதற்குப் பதிலாகக் கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி ஓட்டப் பழகியவர்களுக்கு இந்தக் கவலையில் பாதி இல்லை. அந்தக் கட்டளை ஃபைலே சாட்சி. ஒருவகையில் எங்கள் கார்டுக் கட்டு திரும்ப வந்த மாதிரிதான்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம்கூட வேண்டாம். பிஎச்.டி. ஆய்வேட்டில் நன்றியுரை இருக்கிறது, சான்றிதழ்ப் பக்கம் இருக்கிறது, காப்பியடிக்கவில்லை என்ற உறுதிமொழி இருக்கிறது. கணக்குகள் ஓட்டப்பட்ட விதம் என்று ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்கட்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஏதாவது ஒரு வரைபடத்தைக் காட்டி, "இதை இப்போது என் எதிரில் திரும்ப ஓட்டிக் காட்டம்மா" என்று கேட்கட்டும். ஒரு வருஷம் கேட்டால் போதும், அடுத்த வருஷம் எல்லோரும் எழுதி வைத்திருப்பார்கள். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தேர்வில் எது வருமோ அதைப் படித்துவிடுவார்கள்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. நாம் விழுங்கும் மாத்திரை, நமக்குப் போடும் ஸ்டென்ட், நாளைக்கு மழை வருமா என்ற கணிப்பு எல்லாம் இப்படி எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடிய கணக்கின் மேல் நிற்பவை. நமக்கு அந்தக் கணக்கு புரிய வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் ஆராய்ச்சி செய்யும் பேரனோ பேத்தியோ இருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் ஆசையாக ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூடவே ஒன்று கேளுங்கள்: "இதை இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு, நீ இல்லாம, வேற ஒருத்தர் ஓட்டினாலும் இதே படம் வருமா? அதுக்கு வேண்டியதை எங்கே எழுதி வெச்சிருக்கே?"

பதில் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனால், இன்று ராத்திரியே எழுதச் சொல்லுங்கள்.